கையுறையோடு கணக்கு நோட்டும்

கேள்வி: எனக்கு 27 வயது. பெர்த்தில் இருக்கிறேன். பத்து வயதில் பெற்றோருடன் திருச்சியிலிருந்து இங்கே வந்தேன். கணக்காளராக வேலை பார்க்கிறேன். எட்டு சீசனாக உள்ளூர் கிளப் ஒன்றின் மகளிர் அணிக்கு விக்கெட் கீப்பர். போன சீசனில் வலது கை மோதிர விரல் உடைந்து ஐந்து வாரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் 17 வயதுப் பெண் ஒருத்தி கீப்பிங் செய்ய வந்துவிட்டாள். நன்றாகவே செய்கிறாள். இப்போது கமிட்டி என்னைப் பொருளாளராக இருக்கச் சொல்கிறது. மரியாதையாக வெளியே அனுப்புகிறார்களோ என்று தோன்றுகிறது. அப்பாவோ, "விளையாடத்தானே போனே, இப்ப அங்கேயும் கணக்கு எழுதப் போறியா?" என்கிறார். கிறிஸ்டினா மாத்யூஸ் ஆஸ்திரேலிய மகளிர் அணியில் கீப்பராக இருந்து எங்கள் ஊர் கிரிக்கெட் சங்கத்தையே நடத்தியவர் என்று கேள்விப்பட்டேன். அந்த வழி என்னைப் போன்றவர்களுக்கும் உண்டா, இல்லை ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர்களுக்கு மட்டும்தானா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெர்த்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

பொருளாளர் பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள். கீப்பிங்கையும் விடாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே மின்னஞ்சலில் கமிட்டிக்கு எழுதிவிடுங்கள். "பொருளாளராக இருக்கிறேன், வரும் சீசனுக்குத் தேர்விலும் நிற்கிறேன்" என்று இரண்டு வரி போதும். தனித்தனியாகச் சொன்னால், முதலில் சொன்னது மட்டும்தான் அவர்கள் மனதில் நிற்கும்.

என் வேலையே ஆடி முடித்தவர்களோடு, முடிக்கப் போகிறவர்களோடு உட்கார்ந்து 'அடுத்து என்ன' என்று பேசுவதுதான். கிளப் அளவில் நானும் கீப்பராக இருந்தவன். இடது சுண்டுவிரல் இன்றும் நேராக நிற்காது, ஊறுகாய் பாட்டிலை வீட்டில் வேறு யாராவதுதான் திறக்க வேண்டும். அதனால் உங்கள் மோதிர விரலைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. எலும்பு கூடிவிட்டது என்பதும் பயம் போய்விட்டது என்பதும் வேறு வேறு. விரல் உடைந்து திரும்பும் கீப்பர் பந்தைக் கொஞ்சம் முன்னாலேயே பிடிக்கப் பார்ப்பார், கை இறுகிவிடும். டென்னிஸ் பந்தில் ஆரம்பித்து, தினம் இருபது நிமிடம் சுவரில் அடித்துப் பிடியுங்கள். ஆறு வாரம் கழித்தும் கை இறுக்கமாகவே இருந்தால், கை சிகிச்சையில் பழகிய பிசியோவைப் பாருங்கள்.

சரி, மாத்யூஸுக்கு வருவோம். நீங்கள் கேட்ட விதத்திலேயே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. நாட்டுக்கு ஆடினார், அதனால் நாற்காலி கிடைத்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தேதிகளைப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

அவர் பிறந்தது மெல்பர்னில், 1959 டிசம்பர் 26 அன்று. பாக்ஸிங் டே டெஸ்ட் நடக்கும் ஊரில், அதே தேதியில். டெஸ்டில் அறிமுகமானது 1984-ல், இந்தியச் சுற்றுப்பயணத்தில். ஆட்டத்தை முடித்துக்கொண்டது 1995-ல். இந்தப் பதினோரு ஆண்டுகளில் ஆடியது 20 டெஸ்ட், 47 ஒருநாள் போட்டிகள். டெஸ்டில் 58 பேரை வெளியேற்றினார். அதில் 46 கேட்ச், 12 ஸ்டம்பிங். மகளிர் டெஸ்டில் வேறு எந்தக் கீப்பரும் அந்த எண்ணை எட்டவில்லை. 1991 தொடக்கத்தில் அடிலெய்டில் இந்தியாவுக்கு எதிராக ஒரே டெஸ்டில் ஒன்பது பேர் அவர் கையில் சிக்கினார்கள், எட்டு கேட்ச், ஒரு ஸ்டம்பிங். 1988-ல் உலகக் கோப்பை வென்ற அணியின் கீப்பரும் அவர்தான். பேட்டிங்கில் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை, கீழ் வரிசையில்தான் இறங்குவார். கையுறைக்காக மட்டுமே ஒருவரை அணியில் வைத்திருந்த காலம் அது. இன்றைக்கு அப்படி ஒரு இடம் கிடைப்பது கஷ்டம். உங்கள் கிளப்பிலும் அந்த 17 வயதுப் பெண் ஐந்தாவதாக இறங்கி நாற்பது ரன் அடிக்கிறாளா என்று பாருங்கள். அடிக்கிறாள் என்றால், உங்கள் பிரச்சினை விரலில் இல்லை.

கிட்டத்தட்ட இதே காலத்தில் ஆண்கள் அணியில் கீப்பிங் செய்தவர் இயான் ஹீலி. 1988 முதல் 1999 வரை, அவரும் பதினோரு ஆண்டுகள்தான். அவர் ஆடியது 119 டெஸ்ட், வெளியேற்றியது 395 பேரை. ஒரு டெஸ்டுக்கு எத்தனை பேர் என்று வகுத்தால் ஹீலிக்கு மூன்று சொச்சம், மாத்யூஸுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. திறமையில் இருந்த இடைவெளி அவ்வளவுதான். ஆட்டங்களின் எண்ணிக்கையில்தான் ஆறு மடங்கு. வருடத்துக்கு இரண்டு டெஸ்ட் கூட இல்லாத ஒருவர், மிச்ச முந்நூற்றுச் சொச்ச நாளும் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்?

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது முழுக்க இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அந்தத் தலைமுறைப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். பயணத்துக்கும் உடுப்புக்கும் சொந்தக் கையிலிருந்து போட்டார்கள், நிதி திரட்டினார்கள். பல காலம் உலகின் மிக வேகமான பந்துவீச்சாளர் என்று பேர் வாங்கிய கேத்ரின் ஃபிட்ஸ்பாட்ரிக், 1991-ல் அதே இந்தியத் தொடரில்தான் டெஸ்ட் ஆட வந்தார். அவர் வயிற்றுப்பாட்டுக்குக் குப்பை லாரியிலும் தபால் பட்டுவாடாவிலும் வேலை பார்த்தவர். ஆண்களின் வாரியம் பெண்கள் ஆட்டத்தை நடத்தவில்லை. பெண்களுக்கென்று தனி கவுன்சில் இருந்தது, அதை ஓட்டியவர்கள் ஆடியவர்களும் ஆடிக்கொண்டிருந்தவர்களும்தான். இரண்டு அமைப்புகளும் ஒன்றானது 2003-ல். அதற்கு மூன்று வருடம் முன்னால், 2000-ல், பெலிண்டா கிளார்க் மகளிர் கிரிக்கெட் அமைப்பின் தலைமைச் செயல் அதிகாரியானார். அப்போது அவர்தான் ஆஸ்திரேலிய அணியின் கேப்டனும். 2005 வரை கேப்டனாகவே இருந்தார். ஆபீஸில் பட்ஜெட், மைதானத்தில் டாஸ், ஒரே ஆள். யாரும் அவரிடம், "நிர்வாகத்துக்குப் போய்விட்டாயே, ஆட்டம் முடிந்ததா?" என்று கேட்கவில்லை.

ஆடுகிறவர் ஒரு பக்கம், நடத்துகிறவர் இன்னொரு பக்கம் என்று கோடு கிழித்தது பணம். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்கு அந்தக் கோடு உண்மை. உங்களுக்கும் எனக்கும் கிளப்பில் சம்பளம் கிடையாது, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நாம் இன்னும் நிற்கிறோம். உங்கள் கமிட்டி உங்களை வெளியே அனுப்புகிறதா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் பொருளாளர் நாற்காலியை வாசல் கதவாக நினைப்பது நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் கிரிக்கெட்டிலிருந்து எடுத்துக்கொண்ட எண்ணம்.

இனி வேலைப் பாதை. மாத்யூஸ் ஆட்டத்தை விட்டது 1995. மேற்கு ஆஸ்திரேலிய கிரிக்கெட் சங்கத்தின், அதாவது உங்கள் ஊரில் எல்லோரும் 'வாக்கா' என்று சொல்வதன், தலைமைச் செயல் அதிகாரியானது 2012. நடுவில் பதினேழு வருடம். மாநிலக் கிரிக்கெட் சங்கம் ஒன்றின் தலைமை ஒரு பெண்ணிடம் வந்தது அதுவே முதல்முறை. அப்போது அவருக்கு வயது 52. அதற்கு முன் நியூ சவுத் வேல்ஸ் சங்கத்தில் கிரிக்கெட் செயல்பாடுகளைக் கவனித்தார். அணிப் பயணம், பயிற்சியாளர் ஒப்பந்தம், மைதான ஒதுக்கீடு, வயதுப் பிரிவுப் போட்டிகள் என்று பேப்பரில் பெயர் வராத வேலைகள் இந்தத் துறையில்தான் குவியும். உலகக் கோப்பைப் பதக்கம் நேர்காணல் அறை வரைக்கும் கூட வரும். உள்ளே கேட்கப்படுவது வேறு.

சரி, நாற்காலி கிடைத்த பிறகு? 2012 முதல் 2023 வரை அவர் அதில் இருந்த பதினொரு வருடங்களை நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் 'சங்கத்தையே நடத்தியவர்' என்று எழுதியபோது உங்களுக்கு அந்தப் பதவியின் பளபளப்பு மட்டும் தெரிந்திருக்கிறது.

சங்கத்தின் பெயரையே தாங்கிய வாக்கா மைதானம் பற்றிப் பெர்த்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி ஓடி வந்த இடம். அவருக்குக் கீப்பிங் செய்த ராட் மார்ஷ் வெகுதூரம் தள்ளி நின்றும் தலைக்கு மேலே பந்தைப் பிடித்த இடம். அந்த மைதானத்திலிருந்து பெரிய ஆட்டங்களை ஆற்றின் மறுபக்கம் கட்டப்பட்ட அறுபதாயிரம் பேர் உட்காரும் புது ஸ்டேடியத்துக்கு மாற்றுவது, பழைய மைதானத்தைச் சிறியதாக்கிப் பயிற்சிக்கும் உள்ளூர் ஆட்டத்துக்கும் வைத்துக்கொள்வது, இதுதான் அவர் காலத்தில் நடந்த பெரிய காரியம். கணக்கு சரி. மனசு கேட்குமா? மைதானத்தின் எதிர்காலம் பற்றி நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல், சங்கத்தின் தலைவராக இருந்த லில்லியே 2015-ல் பதவியை விட்டு விலகினார். யோசித்துப் பாருங்கள். ஊரே கும்பிடும் மனிதர் ஒரு பக்கம், வரவு செலவு அறிக்கை இன்னொரு பக்கம், நடுவில் நீங்கள்.

2017 டிசம்பரில் வாக்காவில் இங்கிலாந்துக்கு எதிரான கடைசி ஆஷஸ் டெஸ்ட். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் மழைத் தண்ணீர் மூடுதுணியைத் தாண்டிப் பிட்ச்சில் இறங்கியிருக்கிறது. இலை ஊதும் இயந்திரத்தை வைத்து உலகமே பார்க்க அதைக் காய வைத்தார்கள். ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது, நல்லவேளை. மறு வருடம் புது ஸ்டேடியத்தில் முதல் டெஸ்ட், இந்தியாவை 146 ரன்னில் ஜெயித்தார்கள். 2021 டிசம்பரில் கொரோனா எல்லைக் கட்டுப்பாட்டால் பெர்த்துக்கு வர வேண்டிய ஆஷஸ் டெஸ்ட் ஹோபர்ட்டுக்குப் போய்விட்டது. 2022-ல் வெஸ்ட் இண்டீஸ் டெஸ்டில் ஆஸ்திரேலிய பேட்டர் லபுஷேன் இரட்டைச் சதமும் சதமும் அடித்தார், பார்க்க ஆள்தான் இல்லை. இந்த ஒவ்வொரு நாளும் பத்திரிகைக்காரர்கள் தேடுவது தலைமைச் செயல் அதிகாரியைத்தான்.

நல்ல நாட்களும் இருந்தன. 2012 கடைசியில் ஜஸ்டின் லாங்கர் மாநில அணிக்குப் பயிற்சியாளராக வந்தார், பெர்த்தின் டி20 அணியான ஸ்கார்ச்சர்ஸ் பிக் பாஷ் கோப்பையை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கியது. 2021 நவம்பரில் ஸ்கார்ச்சர்ஸ் மகளிர் அணியும் முதல் கோப்பையை வென்றது. 2022-ல் மாநில அணிகள் மோதும் ஷெஃபீல்டு ஷீல்டு கோப்பை 23 வருடம் கழித்துப் பெர்த்துக்குத் திரும்பியது. அன்றைக்கெல்லாம் காமிரா தேடியது கேப்டன்களையும் பயிற்சியாளர்களையும். கோப்பையோடு நிற்கும் படத்தில் நிர்வாகி இருந்தாலும் ஓரத்தில்தான் இருப்பார். 2023-ல் மாத்யூஸ் பதவியை விட்டார்.

இந்த இடத்தில் பலர் சொல்லும் ஒரு வசனம் உண்டு: கீப்பர்கள் இயல்பிலேயே நல்ல நிர்வாகிகள், ஒவ்வொரு பந்தையும் கவனிப்பவர்கள், பிடித்தால் யாரும் பேசமாட்டார்கள், விட்டால் எல்லோரும் பேசுவார்கள், இத்யாதி. கேட்க இனிமையாக இருக்கும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நான் பார்த்த கீப்பர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் கிட் பையையே ஒழுங்காக அடுக்கத் தெரியாது. மார்ஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 96 டெஸ்ட், 355 பேர். ஆடி முடித்த பிறகு அடிலெய்டில் கிரிக்கெட் அகாடமியைப் பல ஆண்டு நடத்தினார், ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் அவர் கையில் வளர்ந்தார்கள். பிறகு இங்கிலாந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் அகாடமியைக் கொடுத்தது. அதில் அவர் ராஜா. ஆஸ்திரேலிய அணியின் தேர்வுக்குழுத் தலைவரானது 2014-ல். 2016 நவம்பரில் ஹோபர்ட்டில் தென்னாப்பிரிக்காவிடம் தோற்றதும் அவரே விலகிக்கொண்டார். ஒரே மனிதர், ஒரே கிரிக்கெட் அறிவு. பையன்களை வளர்க்கும் வேலையும் பெரியவர்களை நீக்கும் வேலையும் வேறு வேறு. 'நிர்வாகம்' என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் ஏழெட்டு வேலைகள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று கண்டுபிடிக்கத்தான் கிளப் கமிட்டி. அங்கே தப்பு செய்தால் நஷ்டம் சின்னது.

உங்களிடம் இருப்பதும் ஆடியவர்கள் பலரிடம் இல்லாததும் ஒன்றுதான், கணக்குப் படிப்பு. மாநிலச் சங்கங்களின் வாசலில் முன்னாள் ஆட்டக்காரர்கள் நிறைய. இருப்புநிலைக் குறிப்பைப் படித்து, மைதானப் பராமரிப்புச் செலவு ஏன் கூடியது என்று கேட்கக்கூடியவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்பதோடு, மூன்றாவது அணிக்கு ஞாயிற்றுக்கிழமை ஏன் பதினோரு பேர் சேரவில்லை என்பதும் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. இரண்டும் தெரிந்தவராக ஆக உங்களுக்கு இரண்டு சீசன் போதும். பொருளாளராக நகராட்சியிடம் மைதானக் கட்டணம் பேசுவீர்கள், பன்னிங்ஸ் ஹார்டுவேர் கடை வாசலில் சாசேஜ் விற்ற சில்லறையை எண்ணுவீர்கள், ஸ்பான்சரிடம் போன வருடப் பாக்கியைக் கேட்பீர்கள். சிலருக்கு இதில் உயிரே போய்விடும். சிலருக்கு, இதைச் சொன்னால் சிரிப்பார்கள், நூறு ரன் அடித்த மாதிரி இருக்கும். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கு மார்கழிக்குள் தெரிந்துவிடும்.

பிடித்திருந்தால், அடுத்த படி சங்கங்களிலும் மாநில விளையாட்டு அமைப்புகளிலும் உள்ள போட்டி ஒருங்கிணைப்பு, நிதி, சமூகக் கிரிக்கெட் வேலைகள். ஆரம்பச் சம்பளம் நீங்கள் இப்போது வாங்குவதைவிடக் குறையலாம், சனி ஞாயிறும் போகும். வீட்டுக் கடன் இருந்தால் அதை முதலில் மனதில் வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் இரண்டாம் வருடம் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள், வெட்கமே வேண்டாம்.

அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். பகலெல்லாம் கணக்கு, ராத்திரியும் கணக்கு, அதுவும் சும்மா. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று முதல் இரண்டு மாதம் எழுதி வையுங்கள். நான்கு மணியைத் தாண்டினால் உதவிப் பொருளாளர் கேளுங்கள். அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. எட்டு சீசனில் அவர் எத்தனை முறை வந்தார் என்று நீங்கள் எழுதவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் அணியில் அவள் கீப்பிங் செய்யட்டும் என்று பயிற்சியாளர் நினைத்தால், நீங்கள் இரண்டாம் அணியில் கீப்பிங் கேளுங்கள், அல்லது முதல் அணியில் பேட்டராக. சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்க அவளுக்குச் சொல்லிக் கொடுப்பீர்களா என்று கமிட்டி கேட்டாலும் கேட்கும். மனசு இருந்தால் செய்யுங்கள். இந்த வருடம் மனசு இல்லை என்றால், இல்லை என்று சொல்லலாம். அதற்குப் பொறாமை என்று பேர் வைத்து ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டாம்.

இனி, பொதுக்குழுவில் பெயர் கொடுக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை. கடந்த இரண்டு வருடக் கணக்கு, வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து, செலுத்தாத பில்கள், கான்டீன் ரொக்கம் எங்கே வைக்கப்படுகிறது என்ற விவரம். சிறுமிகள் அணியோடும் நீங்கள் இருக்கப் போவதால் சிறார்களுடன் பணிபுரிவதற்கான அட்டை நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். நான் ஒரு கிளப்பில் இதையெல்லாம் கேட்காமல் பொறுப்பேற்று, முந்தைய சீசனின் பந்துக் கடனைக் கட்ட மூன்று மாதம் பிஸ்கட் விற்றேன். பழைய பொருளாளர் நோட்டைத் தர இழுத்தடித்தால், பெயர் கொடுக்காமல் நிறுத்திவைத்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.